பகோடா தெருவில் பகோடா எங்கே?

கேள்வி: சிங்கப்பூர் சைனாடவுனில் பகோடா ஸ்ட்ரீட் முழுக்க நடந்தேன். புத்த பகோடா ஒன்றையும் காணோம். அப்புறம் ஏன் அந்தப் பெயர்? – வாசகி, திருச்சி

பதில்: தெருவின் கோடியில், சவுத் பிரிட்ஜ் ரோடு முனையில், ஒரு கோபுரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் அந்தப் பகோடா! ஸ்ரீ மாரியம்மன் கோவில் கோபுரத்தை வைத்துத்தான் தெருவுக்கே பெயர். 1819இல் பினாங்கிலிருந்து, நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் கீற்றுமாக எழுப்பிய கோவில் அது. இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1925இல் கட்டியது. அடுத்த பக்கத்துத் தெரு டெம்பிள் ஸ்ட்ரீட், அதுவும் இதே கோவிலால்தான். இந்தப் பக்கம் மாஸ்க் ஸ்ட்ரீட், சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலால் வந்த பெயர். சீனர் பேட்டையில் மூன்று தெருக்களுக்கு நம்மவர்கள் கட்டிய கோவிலும் பள்ளிவாசலும் பெயர் தந்திருக்கின்றன என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் தெருவின் உயிர் சீனக் கூலிகளுடையது. சீனாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களை வேலைக்கு அனுப்பும்வரை தங்கவைத்த கூலி வீடுகள் இங்கே இருந்தன. 37ஆம் எண் வீட்டில் இருந்ததாகக் கருதப்படும் குவாங் ஹப் யுவன் என்ற கூலி வீட்டின் பெயரையே தெருவுக்கும் சொல்லி வந்தார்கள். அந்தக் காலத்தில் தெருவின் வீடுகளில் மாடியில் பலகைத் தடுப்பு வைத்த, காற்றோட்டமில்லாத சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. 1997 முதல் அந்தத் தெருவில் வண்டிகள் போவதில்லை, நடந்துதான் போக வேண்டும். அடுத்த முறை போனால் கடைகளில் நிற்காமல் ஒருமுறை மாடி ஜன்னல்களை நிமிர்ந்து பாருங்கள்.