மோடம் அடாப்டரில் கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுமா?

கேள்வி: ஆண்டாப் ஹில்லில் ஒரே ரூம் வீடு எங்களுக்கு. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் இரண்டும் கூரையை ஒட்டிய பரணில் இருக்கின்றன, மே மாதம் வந்தால் கை வைக்க முடியாத சூடு. பையன் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்ததில் ஒரு ஃபேன் மிஞ்சியது, பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்றும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா? ஷாக் அடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
(வாசகர், மும்பை)

பதில்: தாராளமாக ஓட்டலாம், ஆனால் அதற்கு முன் இரண்டு ஸ்டிக்கர்களைப் படிக்க வேண்டும். ஃபேனின் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரில் டிசி 12 வோல்ட், 0.18 ஆம்பியர் என்பதுபோல இருக்கும். அடாப்டரின் முதுகில் எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், மொபைல் டார்ச் அடித்து 'அவுட்புட்' வரியைப் பாருங்கள். வோல்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அடாப்டரில் கூட இருந்தால் பரவாயில்லை, 2 ஆம்பியர் அடாப்டர் என்பதற்காக அது மொத்தத்தையும் ஃபேன் தலையில் கொட்டிவிடாது, ஃபேன் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். அவுட்புட் பக்கத்தில் அலை மாதிரி கோடு இருந்தால் அது ஏசி, வேண்டாம். ஒரு நேர்கோடும் அடியில் விட்டு விட்டு வரும் கோடும் இருந்தால் டிசி, அதுதான் நமக்கு வேண்டும்.

கையில் கனமாக இருக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் என்றால் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். என்னிடம் இருந்த ஒன்றில் 12 என்று போட்டிருந்தது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 16-க்கு மேல் காட்டியது.

ஒயர் நிறத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மூன்று ஒயர் ஃபேனில் பெரும்பாலும் கறுப்பு மைனஸ், சிவப்பு பிளஸ், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் சிக்னல். நான்கு ஒயர் ஃபேனில் பல சமயம் அதே மஞ்சள்தான் பிளஸ், பச்சை சிக்னல், நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது! எல்லா ஒயரும் கறுப்பாக வரும் ஃபேனும் உண்டு, அப்போது நான்கு பின் கனெக்டர் என்றால் பள்ளம் ஒதுங்கியிருக்கும் ஓரத்திலிருந்து எண்ணினால் முதல் பின் மைனஸ், இரண்டாவது பிளஸ். மீதி ஒயர்களுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், நுனியில் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடுங்கள், ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

அடாப்டரின் ஒயரை வெட்ட மனசு வராவிட்டால் லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஸ்க்ரூ வைத்த டிசி சாக்கெட் கேளுங்கள், மோடம் அடாப்டர்களில் பெரும்பாலும் வருவது 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர் பின். ஸ்க்ரூவை லூசாக்கி ஒயரைச் சொருகி முறுக்கினால் வேலை முடிந்தது, சால்டரிங் வேண்டாம்.

ஷாக் விஷயம்: 12 வோல்ட் பக்கம் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது 230 வோல்ட் வரும் பிளக் பக்கம்தான். அடாப்டரின் கூடு விரிந்திருந்தால் குப்பையில் போடுங்கள், மழைக்காலத்தில் கசியும் சுவர் பக்கம் அடாப்டரை வைக்காதீர்கள், ஒயரில் கை வைக்கும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம், காற்று ஸ்டிக்கர் இருக்கும் பக்கமாகத்தான் வெளியே வரும். பரணில் சூடு மேலேதான் தேங்கும், அதனால் பெட்டிகளுக்குப் பின்னால் ஃபேனை நிறுத்தி வெளிப்பக்கமாகத் தள்ள விடுங்கள், சுவரோடு ஒட்ட வைத்தால் சும்மா சத்தம்தான்.

கேள்வி: 5 வோல்ட் மொபைல் சார்ஜரிலோ 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரிலோ கொடுத்தால்?
(வாசகி, செம்பூர்)

பதில்: 5 வோல்ட்டில் சில ஃபேன் மெதுவாகச் சுற்றும், சிலது கொஞ்சம் முக்கிவிட்டு நின்றுவிடும். 19 வோல்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஃபேன் தீய்ந்துவிடும். 9 வோல்ட் அடாப்டர் ஏதாவது கிடந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், காற்று கொஞ்சம் குறையும், ஆனால் ராத்திரி பக்கத்தில் படுத்துத் தூங்கலாம்.