கொலுசுப் பட்டறை அண்ணாவுக்கு: வெளிநாட்டு நிதித் திட்டத்தில் வேலை என்றால் என்ன?

வணக்கம் அண்ணா.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "வெள்ளைக்காரன் போடுற தர்மப் பணத்துல நடக்கிற வேலை, எத்தனை நாளைக்குங்க?" வெளிநாட்டு நிதித் திட்டத்தில்தான் வேலைக்குப் போவேன் என்கிற உங்கள் மகள் பாப்பா பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஆள் காத்திருந்ததால் அன்றைக்கு மழுப்பிவிட்டேன். கேள்வி நியாயமானதுதான், ஆனால் நின்றுகொண்டு பதில் சொல்லித் தீராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'தர்மம்' என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள். நம் பக்கம் வெளிநாட்டு நிதி என்று வருவதில் பெரும்பகுதி கடன். வட்டி குறைவு, தவணை நீளம், சலுகை அவ்வளவுதான். கொடுப்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களும் இல்லை. ஜப்பான் தன் முதல் யென் கடனை 1958இல் கொடுத்ததே இந்தியாவுக்குத்தான். இன்றைக்கும் இந்தியாவுக்கு அதிகமாகக் கடன் கொடுக்கும் தனி நாடு அதுதான். பல யென் கடன்களுக்கு 30 வருடத் தவணை, அதில் முதல் 10 வருடம் அசல் கட்ட வேண்டியதில்லை. இனாமாக வரும் பணம் கொஞ்சம். அதுவும் பெரும்பாலும் நிபுணர் வருகை, பயிற்சி, ஆலோசனை என்ற வடிவத்தில்தான் வரும்.

தர்மபுரியில் சம்பந்தி வீடு இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவி படியும். இன்னும் அதிகமானால் எலும்பே வளையும். அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் 1,928 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். ஜைக்கா என்கிற ஜப்பான் அரசு உதவி நிறுவனத்தின் கடன், 2008இல் ஒப்பந்தம், 2013இல் திறப்பு. குழாய் பதித்தது ஜப்பான்காரர் இல்லை, நம் குடிநீர் வடிகால் வாரியம்தான்.

இது நடக்கிற விதத்தைப் புரிந்துகொண்டால் வேலை எங்கே இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். மாநிலத் துறை ஒரு திட்ட வரைவு எழுதும். அது சம்பந்தப்பட்ட மத்திய அமைச்சகம் வழியாக நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்குப் போகும். அங்கே ஒத்துக்கொண்டால்தான் கடன் கொடுப்பவரிடம் பேச்சு. பிறகு அவர்கள் ஆள் அனுப்பி, நிலம் கையில் இருக்கிறதா, மரம் வெட்டுப்படுமா, யாராவது வீட்டை இழக்கிறார்களா, பத்து வருடம் கழித்துப் பராமரிப்புச் செலவை யார் கொடுப்பார்கள் என்று குடைவார்கள். கையெழுத்தான பிறகும் பணம் மூட்டையாக வந்து இறங்காது. வேலை நடக்க நடக்க, கணக்குக் காட்டக் காட்டத்தான் வரும். பெரிய டெண்டர்களுக்கு அவர்கள் சம்மதம் வேண்டும். கடைசியில் கடனைக் கட்டுவது மாநில அரசு. யென் விலை ஏறினால் அந்த நஷ்டமும் பெரும்பாலும் மாநிலத்தின் தலையில்தான்.

இத்தனையையும் கவனிக்கத் திட்டத்துக்கென்று தனி ஆபீஸ் போடுவார்கள். வாரியத்தின் நிரந்தரப் பொறியாளர்கள் பாதி, ஒப்பந்தத்தில் எடுத்தவர்கள் பாதி என்று ஓடும். டெண்டர் ஆவணம் எழுதத் தெரிந்தவர், கணக்குத் தணிக்கை தெரிந்தவர், சுற்றுச்சூழல் பார்ப்பவர், கிராமத்தில் உட்கார்ந்து 'இந்தத் தண்ணிய ஏன் குடிக்கக் கூடாது' என்று ஜனங்களுக்கு விளங்கச் சொல்பவர் என்று பலரும் வேண்டும். பாப்பா சொல்கிற வேலை இதுதான். நியூயார்க்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நீங்கள் நினைத்திருந்தால், பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்கிற வேலை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

'தொழில்நுட்ப ஒத்துழைப்பு' என்பது இதற்குப் பக்கத்து வீடு. பணத்துக்குப் பதில் ஆளும் வித்தையும் வரும். மெட்ராஸ் ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கியபோது மேற்கு ஜெர்மனிப் பேராசிரியர்கள் இங்கே வந்தார்கள், இயந்திரங்கள் வந்தன, நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். பிறகு அவர்கள் போய்விட்டார்கள், கல்லூரி நின்றது. திருச்சி பெல் கொதிகலன் ஆலைக்குச் செக்கோஸ்லோவாக்கியா, நெய்வேலி அனல் மின் நிலையத்துக்குச் சோவியத் என்று அந்தக் காலத்துக் கதைகள் நிறைய. வந்தவர் போன பிறகும் ஓடினால் அது நல்ல ஒத்துழைப்பு. 200 பக்க அறிக்கை அலமாரியில் பல்லிக்கு வீடாகிப் போன ஒத்துழைப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

கொடுப்பவருக்கு இதில் என்ன லாபம் என்றும் கேட்டீர்கள். உங்கள் தொழிலையே வைத்துச் சொல்கிறேன். ஒரு மொத்த வியாபாரி குறைந்த வட்டிக்குப் பணம் தருகிறார், ஆனால் வெள்ளிக் கம்பியைத் தன் கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார். வட்டியில் மிச்சமானது கம்பி விலையில் போய்விடும். நாடுகளும் அப்படிச் செய்வதுண்டு. 2003இல் இந்திய அரசு அந்த மாதிரி நிபந்தனை போட்ட உதவி இனி வேண்டாம் என்றதோடு, சிறிய அளவில் கொடுத்துவந்த பல நாடுகளின் அரசு உதவியையும் நிறுத்திக்கொண்டது. நல்ல பெயர், ராஜதந்திர நட்பு, தன் நாட்டுக் கம்பெனிக்கு அறிமுகம் என்று இன்னும் பல கணக்குகள் உண்டு. அதனால் கெட்டது என்று சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது பாப்பாவுக்கு நல்லது.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1980களில் சேலம், தென்னாற்காடு மாவட்டங்களின் கிராம சுகாதாரத்துக்கு டென்மார்க் அரசு உதவியது. அண்ணி மகளிர் குழுவில் இருக்கிறார்கள் அல்லவா? அரசு அந்தக் குழுக்களை முதலில் தொடங்கியது 1989இல் தர்மபுரியில். ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த கடனில் ஆரம்பித்து, பிறகு சேலத்துக்கு வந்து, மகளிர் திட்டமாகி, இன்றைக்கு மாநிலம் முழுக்க நிற்கிறது.

இனி நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பயம் வீண் இல்லை. அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு, வெளிநாடுகளுக்கு உதவி கொடுக்க 1961இல் தொடங்கிய பெரிய அரசு அமைப்பு. 2025 ஜனவரியில் அதன் நிதி முடக்கப்பட்டது, அதே வருடம் ஜூலைக்குள் அமைப்பே மூடப்பட்டது. அதை நம்பி இருந்த தொண்டு நிறுவன ஊழியர்கள் பலர் வேலை இழந்து வீட்டுக்கு வந்தார்கள். பிரிட்டன் தன் உதவி அமைச்சகத்தை 2020இல் வெளியுறவுத் துறையோடு கரைத்துவிட்டது. இங்கேயும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனங்கள் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, வாங்கிய பணத்தை வேறு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. சின்ன நிறுவனங்கள் பல இதில் ஒடுங்கிவிட்டன. அதனால்தான் சொல்கிறேன், தொண்டு நிறுவனம் வேறு, அரசு வாங்கும் கடனில் நடக்கும் திட்டம் வேறு என்று. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்தானால் ஐந்து, ஏழு வருடம் ஓடும். ஆனால் முடிவு தேதி என்று ஒன்று கட்டாயம் உண்டு.

எனக்கும் அந்தத் தேதி வந்தது. இருபத்தேழு வயதில் ஏற்காடு மலைக் கிராமங்களில் ஒரு திட்டத்துக்காக ஊற்றுத் தண்ணீர்க் கணக்கெடுத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று வருடம். மார்ச் 31 அன்று ஆபீஸ் சாவியை ஒப்படைத்தோம், ஜீப்பை ஏலத்துக்கு எழுதினார்கள். என்னோடு இருந்த சர்வேயருக்கு அடுத்த மாதமே வேறு வேலை. 'களப்பணி ஒருங்கிணைப்பாளர்' என்ற பட்டத்தைத் தவிர கையில் ஒன்றும் இல்லாத நான் பதினோரு மாதம் சும்மா இருந்தேன். பாப்பாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்: உதவித் திட்டம் என்பது வேலை கிடைக்கும் இடம், தொழில் வேறு. அவள் தொழில் தண்ணீர். குழாய், அழுத்தம், வடிகால், சுத்திகரிப்பு. அது கையில் இருந்தால் திட்டம் மூடினாலும் வாரியம், மாநகராட்சி, கன்சல்டன்சி என்று யாராவது கூப்பிடுவார்கள்.

ஆகவே என் கருத்தில், இப்போதே 30 லட்சம் கடன் வாங்கி வெளிநாட்டில் 'வளர்ச்சியியல்' முதுகலை படிப்பது அவசரம். முதலில் கேட் நுழைவுத் தேர்வு எழுதட்டும். சுற்றுச்சூழல் அல்லது நீர்வளப் பொறியியலில் எம்.இ. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குடிநீர்த் திட்டத்துக்கு வரைபடம் போடும் ஒரு கன்சல்டன்சியில் இரண்டு வருடம். சம்பளம் ஆரம்பத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரும்படி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருடத்துக்கு வேறு ஒரு மதிப்பு உண்டு. பிரிட்டனின் செவ்னிங், ஜெர்மனியின் டாட் நடத்தும் வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்கான உதவித்தொகை இரண்டுமே குறைந்தது 2 வருட வேலை அனுபவம் கேட்கின்றன. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை அதைக் கேட்பதில்லை; அதில் 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். கடன் இல்லாமல் போக வழி இருக்கும்போது வீட்டுப் பத்திரத்தை ஏன் எடுக்க வேண்டும்?

இடையில் குழாயில் தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடும் எபாநெட், நில வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் இரண்டு மென்பொருளையும் கற்கட்டும், இரண்டும் இலவசம். உலக வங்கி, ஜைக்கா தளங்களில் தமிழ்நாட்டுத் திட்டங்களின் ஆவணங்கள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. மாதம் ஒன்றைப் படித்தாலே இன்டர்வியூவில் மற்றவர்களை விட உயரத்தில் இருப்பாள்.

இந்தியா கொடுக்கும் உதவி பற்றி யாரும் பாப்பாவுக்குச் சொல்லவில்லை போல. 1964 முதல் ஐடெக் என்ற பெயரில் மற்ற நாட்டு அதிகாரிகளை இங்கே வரவழைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். இலங்கையில் போருக்குப் பின் 50,000 வீடுகள் கட்ட நிதி கொடுத்தோம், அதில் 4,000 மலையகத் தோட்டங்களில். நம் சேலம் ஜில்லாவிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த சிவில் பொறியாளருக்கு இந்த மாதிரித் திட்டங்களில் என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் அந்த ஏஜென்ட். 'ஜப்பான் தொழில்நுட்ப ஒத்துழைப்பில் அனுப்புகிறேன், மூன்று லட்சம்' என்றாராம். ஜப்பானில் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் என்று ஒன்று உண்மையாகவே உண்டு. 2017இல் இந்தியாவோடு ஒப்பந்தமும் ஆனது. ஆனால் அது தொழிற்சாலை, முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்றவற்றுக்குத் தொழிலாளர் எடுப்பது. அதற்குப் பதில் வேறு திட்டம் கொண்டுவர 2024இல் அவர்களே சட்டமும் போட்டுவிட்டார்கள். நாம் இத்தனை நேரம் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பார்ப்போம். ஐ.நா. வேலை என்று சொல்லிப் பணம் கேட்டால் எண்ணைக்கூடக் கேட்க வேண்டாம். விண்ணப்பத்துக்கோ இன்டர்வியூவுக்கோ ஐ.நா. ஒரு பைசா வாங்காது.

முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு புதன்கிழமை சாயந்திரம் வாருங்கள். பாப்பாவையும் கூட்டி வாருங்கள், அவள் மூன்றாம் வருடம் செய்த மழைநீர் வடிகால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.