ஆன்லைன் பட்டம்: கன்சல்டன்சிக்காரரிடம் ஓடிபி சொல்லாதீர்கள்

கேள்வி: மகள் பி.காம். முடித்துவிட்டு, திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். ஆன்லைனில் எம்.பி.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள். கன்சல்டன்சி வைத்திருப்பவர் ஒருவர், "இன்றைக்கே 10,000 ரூபாய் கட்டினால் சீட் உறுதி. சான்றிதழில் ஆன்லைன் என்றே இருக்காது, ரெகுலர் மாதிரிதான் வரும்" என்கிறார். நம்பலாமா? இந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

பதில்: பட்டம் செல்லும் ஐயா. அந்த ஆளை நம்ப வேண்டாம்.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. உங்கள் மகள் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாகப் படித்திருப்பதால் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கும் சிக்கல் இல்லை.

ஆனால் எந்த முறையில் படித்தார் என்பதைச் சான்றிதழில் குறிப்பிட வேண்டும் என்பதும் அதே விதிதான். சட்டப்படி சமமான பட்டத்தை எதற்காக மறைக்க வேண்டும்? "ஆன்லைன் என்றே வராது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். எந்தப் பாடம், எந்த முறை, எந்தச் சேர்க்கைப் பருவம் என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.வுக்கு இருக்கும் அனுமதி அதன் எம்.சி.ஏ.வுக்கு இல்லாமல் போகலாம். கன்சல்டன்சிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முந்தைய அனுமதிக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கடிதம் அசலாகவே இருக்கும், உங்கள் பருவத்துக்குச் செல்லாது. யுஜிசியின் டிஇபி, அதாவது தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் நடப்புப் பருவத்துக்கான பட்டியல் இருக்கிறது. அதில் நீங்களே தேடிப் பாருங்கள்.

இந்தத் தேடலை ஒரு பத்தாவது படித்த அப்பா தனியாகச் செய்து முடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பட்டியல் தமிழில் கிடையாது. எதை முதலில் தட்டுவது என்றே புரியாது. பாடத்தின் பெயரைத் தமிழில் அடித்தால் "உண்டு, இல்லை" என்று பதில் வருகிற மாதிரி ஒரு பக்கம் செய்து வைப்பதற்கு என்ன தடையோ! அது இல்லாததால்தான் ஊருக்கு ஊர் தரகர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

அடுத்தது உளவியல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்துக்குள் வருகிற படிப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு - ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவையும் இதில் அடக்கம். பி.ஏ.வில் ஆங்கிலம், பொருளாதாரம், உளவியல் என்று பல பிரிவுகள் இருந்தால் உளவியல் பிரிவுக்கு மட்டும்தான் தடை, மற்றவை நடக்கும். இது புதிய சேர்க்கைக்கான தடை. உங்கள் மகள் இனிமேல்தான் சேரப்போகிறார் என்பதால் அவரையும் கட்டுப்படுத்தும். இதற்குப் பிறகும் உளவியலில் ஆன்லைன் சீட் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், எம்.பி.ஏ.வைப் பற்றி அவர் சொன்னதையும் சந்தேகப்படுங்கள். உளவியல்தான் வேண்டும் என்றால் நேரடி வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

இனி ஓடிபி. ஆன்லைன் படிப்பில் சேர டிஇபி ஐடி, அதாவது அந்தத் தளத்தில் எடுக்கும் மாணவர் பதிவு எண், கட்டாயம். அதற்கு முன் ஏபிசி ஐடி வேண்டும், அதாவது படித்து முடித்த பாடங்களுக்கு மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற கணக்கு. இரண்டுமே இலவசம், வீட்டிலிருந்தே எடுக்கலாம். தரகர் "போனில் வந்த நம்பரை மட்டும் சொல்லுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்பார்.

போன வருடம் ஒரு பையன் கண்ணீரோடு வந்தான். அவனுடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். பெயர் அவனுடையது, போட்டோ அவனுடையது, இமெயிலும் செல்போன் எண்ணும் தரகருடையது. தேர்வுத் தேதி அறிவிப்பு தரகரின் இமெயிலுக்கே போயிருக்கிறது. அவர் இவனிடம் சொல்லவே இல்லை. ஒரு செமஸ்டர் போயிற்று. எண்ணை மாற்ற 3 மாதம் அலைந்தான். ஆகவே இமெயில், செல்போன், பாஸ்வேர்டு மூன்றும் உங்கள் மகளுடையதாகவே இருக்கட்டும்.

"அசைன்மென்டை நாங்களே போட்டுவிடுவோம், படிக்கவே வேண்டாம்" என்றும் வலை வீசுவார்கள். மதிப்பெண்ணில் குறைந்தது 70 சதவீதம் இறுதித் தேர்வுக்கு உரியது. ஆன்லைனில் எழுதினால் கேமரா முன்னால் அவரே உட்கார்ந்து எழுத வேண்டும். வேலைக்குப் போகிற பெண், இரவு ஒன்பது மணிக்கு வீடியோ பாடம் பார்த்துப் படித்து வாங்குகிற பட்டம் இது. அந்த உழைப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

10,000 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் வழியாக அதன் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் கட்டுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கன்சல்டன்சி பெயரில் இருந்தால், அதைப் படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு இமெயில் அனுப்பி, "இவர் உங்கள் ஆளா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த தவணை கட்டாதீர்கள். ஜூலைச் சேர்க்கை தவறினால் ஜனவரியில் மறுபடியும் திறக்கும்.