முள் ஆடாத மீட்டரும் பில் தராத கடையும்

ஓட்டோ கியர் ஜீப்பை மலையில் ஏற்றி கியர்பொக்ஸை எரித்துக்கொள்பவர்களைப் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி, கியர்பொக்ஸ் ஒயிலின் சூட்டைக் காட்டும் மீட்டரைப் பற்றியே கேட்கின்றன. நீண்ட கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் பயணிகளை ஏற்றிப் போகிறேன். பழைய ப்ராடோ, ஓட்டோ கியர். பட்டிப்பொல தாண்டி ஏறும்போது கருகிய வாசம் வருகிறது. ஆனால் டாஷ்போர்டில் சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது. தனி மீட்டர் தேவையா?
*ஜீப் ஓட்டுநர், நுவரெலியா*

தேவை. நீங்கள் பார்ப்பது எஞ்சின் தண்ணீரின் சூட்டை. கியர்பொக்ஸ் வேகுவது அந்த முள்ளுக்குத் தெரியாது. ஓட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கிறது. அது ஒயிலைச் சுழற்றித்தான் இழுவையைக் கடத்துகிறது. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும்போது, எஞ்சினையும் கியரையும் நேராகப் பிணைக்கும் அதன் லொக் விழாது. எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு ஒயிலைக் கடைந்து சூடாக்குவதிலேயே போய்விடும்.

சாதாரண ஓட்டத்தில் ஒயில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 120ஐத் தொட்டால் கவனம். எண்பதுக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில்காரர்களின் உத்தேசக் கணக்கு. உங்களுக்கு வாசமே வந்துவிட்டது, ஆகவே மீட்டருக்கு முன் ஒயிலைப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது பிளேன்டீ நிறத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

என்னுடையது டிஃபெண்டர், மெனுவல் கியர். கூட்டாளிகள் எல்லோரும் பூட்டுகிறார்கள். எந்த மீட்டர் நல்லது?
*பண்டாரவளை*

எதுவும் வேண்டாம். உங்கள் வண்டியில் டோர்க் கொன்வேர்ட்டரே இல்லை.

சென்சரை எங்கே பூட்டுவது? ஒரு மெக்கானிக் பாஸ், ஒயில் வடிக்கும் பிளக்குக்குப் பதிலாகப் பூட்டலாம் என்கிறார். இன்னொருவர் ஒயிலை ஆற்றும் கூலரின் குழாயில் என்கிறார்.
*கம்பளை*

வடிக்கும் பிளக்கில் பூட்டுவது மலிவு, சுலபம். ஆனால் வண்டியின் அடிவயிற்றில் சென்சர் தொங்கும், கல்லுப் பாதையில் ஒரு நாள் அது போகும், கூடவே ஒயிலும் போகும். கூலருக்குப் போகும் குழாயில் பூட்டினால் கொன்வேர்ட்டரிலிருந்து வரும் சூடு உடனே தெரியும். ஒரு ஏற்றத்திலேயே முள் பாய்ந்து ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒயில் தட்டின் பக்கவாட்டில், சென்சரைத் திருக ஒரு புஷ் வெல்டிங் பண்ணிப் பூட்டினால் மொத்த ஒயிலின் சூடு நிதானமாகத் தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான். கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் மட்டும் பூட்ட விடாதீர்கள். ஆறிய ஒயிலைக் காட்டி மீட்டர் உங்களைத் தாலாட்டும். எது போகும் குழாய் என்று தெரியாவிட்டால், காலையில் ஸ்டார்ட் பண்ணி இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சுடுவதுதான் போகும் குழாய்.

கொழும்பில் ஒரு கடையில் மொண்டெரோவுக்கு 14,500 ரூபாய்க்கு மீட்டர் வாங்கினோம். பெட்டியில் இருந்த சென்சர் உடைந்திருந்தது. "இது எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று வேறொன்றை எடுத்துத் தந்தார். பூட்டிய பின் முள் 70ஐத் தாண்டவே இல்லை, நாங்களும் நிம்மதியாக ஓடினோம். ஐந்தாவது வாரம் பூட்டிய இடத்தால் ஒயில் ஒழுகி கியர்பொக்ஸ் எரிந்துவிட்டது. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார். பில் இல்லை, துண்டுக் காகிதத்தில் தொகை மட்டும் இருக்கிறது. வண்டி ஓடினால்தான் எங்களுக்குச் சாப்பாடு.
*வாசகி, தலவாக்கலை*

தங்கச்சி, உங்கள் பக்கத்தில் பிழை என்றால் அந்தத் துண்டுக் காகிதம் ஒன்றுதான்.

"எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பொருந்தாது. மீட்டர் சூட்டை நேரே பார்ப்பதில்லை. சூடு ஏற ஏறச் சென்சரின் மின்தடை குறைகிறது, அந்தத் தடையைத்தான் மீட்டர் பாகையாக மாற்றிக் காட்டுகிறது. எத்தனை தடைக்கு எத்தனை பாகை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மீட்டர் செய்யும் விடிஓவை எடுத்தால், அந்த ஒரே கம்பெனியிலேயே 120 பாகை மீட்டருக்கு ஒரு சென்சர், 150 பாகை மீட்டருக்கு வேறொன்று. மாற்றிப் போட்டாலும் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும். ஆடாத முள்ளைவிட இது மோசம்.

அடுத்தது திருகுப் புரி. இந்தச் சென்சர்களில் அதிகம் புழங்குவது எட்டிலொரு அங்குலக் குழாய்ப் புரி. அமெரிக்க அளவில் அங்குலத்துக்கு 27 புரி. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் பிரிட்டிஷ் அளவில் 28. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மாற்றிப் பூட்டினால் சில சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும், "டைட் ஆயிட்டு" என்று பாஸ் கையைத் துடைத்துவிடுவார். அது ஒழுகத் தொடங்குவது ஒயில் சூடேறி அழுத்தம் வந்த பிறகு. ஒழுக்கை நிறுத்த டெஃப்லோன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் இன்னொரு கூத்து: ஒற்றை வயர் சென்சருக்கு எர்த் கிடைப்பதே அந்தப் புரி வழியாகத்தான். எர்த் கெட்டால் மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

நானும் ஏமாந்தவன்தான். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எழுத்துப் போட்ட பெட்டியைப் பார்த்து மயங்கி ஒன்று வாங்கினேன். பனியில் இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியைத் திருப்பியதும் 90 காட்டியது. அதன் பிறகு எதை வாங்கினாலும் பூட்டுவதற்கு முன், வயர் எல்லாம் கொடுத்து, சென்சரைக் கொதிதண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். அப்படி ஒரு நல்ல மீட்டர் 94 காட்டியது. 100 வரவில்லை என்று கடைக்காரருடன் சண்டை போட்டேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

சரி, உங்கள் வழக்கு. கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் அழைப்பு கடிதமாகாது. இன்னும் நாள் இருக்கிறது, இந்த வாரமே எழுதுங்கள். இன்ன வண்டிக்கு என்று சொல்லி, விற்பவரை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் பலகை தொங்கினாலும் அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். சென்சர், பெட்டி, துண்டுக் காகிதம், வங்கிக் கணக்கால் கட்டியிருந்தால் அந்தக் குறுஞ்செய்தி, கழற்றிய கராஜ்காரரின் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சென்சரை எடுத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மீட்டர் எதற்கு என்று, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதை ஃபோனில் காட்டும் நீல டப்பா ஒன்றை இணையத்தில் வாங்கினேன். "வெர்ஷன் 1.5 ஒரிஜினல்" என்று போட்டிருந்தது. என் 1997 ஜப்பான் ப்ராடோவில் எதுவுமே காட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
*ஹட்டன்*

பாதி அவர்கள், பாதி நீங்கள். அந்த வகை டப்பாவுக்கு மூல சிப்பைச் செய்த கனடாக் கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்த எண் போலியின் அடையாளம். அது கிடக்கட்டும், அசலே வாங்கியிருந்தாலும் அந்தக் காலத்து ஜப்பான் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலும் அதனோடு பேசாது. பிந்திய ப்ராடோக்கள் பலவற்றில் கியர்பொக்ஸ் சூட்டைப் படிக்கலாம். உங்கள் வண்டியில் வேலை செய்யுமா என்று வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மரக்கறி வாங்கும்போது போஞ்சியை முறித்துப் பார்த்து எடுக்கிற நாம், இதற்கு மட்டும் படத்தைப் பார்த்துக் காசு அனுப்புகிறோம்.

ஏழு நிறத்தில் லைட் மாறும் மூன்று மீட்டர் செட் விலைக்கழிவில் வருகிறது. எடுக்கலாமா?
*அப்புத்தளை*

இரவு மூடுபனியில் அந்த வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தால் ரோட்டுத் தெரியாது. எடுக்காதீர்கள்.

ரம்பொடை ஏற்றத்தில் மீட்டர் 125 காட்டினால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டுமா?
*கொத்மலை*

அணைக்காதீர்கள். அணைத்தால் ஒயில் பம்ப் நின்றுவிடும், கூலருக்கு ஒயில் போகாது. ஓரமாக நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, கைபிரேக் இழுத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். முள் 100க்குக் கீழே வந்த பிறகு ஓவர்டிரைவ் என்ற மேல் கியரை அணைத்து, சின்ன கியரில் மெதுவாக ஏறுங்கள். மண் பாதை என்றால் நாலு சக்கர இழுவையின் மெதுவான லோ ரேஞ்ச் போடலாம், தார் ரோட்டில் எல்லா வண்டிக்கும் அது சரிவராது. ரம்பொடையில் தேத்தண்ணிக் கடைக்குக் குறைவில்லை. ஆனால் ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு இறங்கிப் போக வேண்டாம், கோப்பையை ஜீப்புக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.