சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: 1000 சிசி வண்டி 120 குதிரைத்திறனும் தந்து மைலேஜும் எப்படித் தருது?

பதில்: வெளியே போற புகையோட வேகத்துல டர்போ சுத்தி, காத்தை அழுத்தி உள்ளே தள்ளுது. ஹூண்டாயோட 998 சிசி டர்போ 1500 ஆர்பிஎம்லயே (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்குற முறுக்கு விசை, தருது. டர்போ இல்லாத 1.2 எஞ்சின், 4000 தொட்டாலும் 115 பக்கம்தான். மைலேஜ் கிடைக்கிறது மெதுவா ஓட்டும்போது. சிலிண்டர் மூணுதான், உரசல் குறைவு. பாதி மூடின த்ராட்டில் (காத்து உள்ளே போற வழியில இருக்கிற தட்டு) வழியா காத்தை இழுக்குற வீண் உழைப்பும் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்திக்கிட்டே போனா பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம், ஏறும், பெட்ரோலும் அதுக்கேத்த மாதிரி போகும்.

எண்ணூர்: எக்ஸ்பிரஸ்வேல கன்டெய்னர் லாரி பின்னாடி 30ல ஊர்றப்போ 4வது கியர்லயே விடுறேன். மைலேஜுக்கு நல்லதுதானே அண்ணே?

பதில்: ஊர்றதுல தப்பில்ல. வழி கிடைச்சதும் அதே கியர்ல மிதிக்கிறதுதான் ஆபத்து. ஆர்பிஎம் குறைவு, பூஸ்ட் அதிகம்: அந்த நேரத்துல சிலிண்டர் சுவர்ல ஒட்டின ஆயில் துளியும் கரித்துகளும், ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கும். ஒரே அடியில பிஸ்டன்ல ரிங் உட்கார்ற விளிம்பு உடையலாம். 2வது கியர் போட்டு, 2000 ஆர்பிஎம் தாண்டின பிறகு மிதிங்க. எஞ்சின் ஆயில் ஏபிஐ எஸ்பி தரமா இருக்கணும் (டப்பாவுல API SPன்னு போட்டிருக்கும்). கால்சியம் அதிகமான பழைய ஆயில் இந்தக் கோளாறைக் கூட்டும்.

காசிமேடு: தினமும் 2 கிலோமீட்டர்தான் ஓட்டுறேன். டிப்ஸ்டிக்ல (அளவு பார்க்கிற கம்பி) ஆயில் அளவு ஏறியிருக்கு.

பதில்: பெட்ரோல் கலந்திருக்கு, மோந்து பாருங்க. எஞ்சின் சூடாகாம நிறுத்துறதால அது ஆவியாகிப் போகல. அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தா உடனே ஆயில் மாத்துங்க. இனிமே 5000 கிலோமீட்டர் இல்லன்னா 6 மாசம், எது முதல்ல வருதோ அப்போ. வாரம் ஒரு தடவை மாதவரம் வழியா பைபாஸ்ல அரை மணி நேரம் ஓட்டுங்க.

எண்ணூர்: மறுபடியும் நான்தான். டீசல் வண்டியை 1300 ஆர்பிஎம்லயே மிதிச்சு ஓட்டினோமே, ஒண்ணும் ஆகலையே?

பதில்: டீசல்ல அழுத்தம் முழுசா ஏறுற வரைக்கும் சிலிண்டர்ல வெறும் காத்துதான். முன்கூட்டியே பத்திக்க எரிபொருளே இருக்காது. இதுல பெட்ரோல் முன்னாடியே கலந்து நிக்குது. டீசல் பழக்கத்தை இங்கே கொண்டு வராதீங்க.

ராயபுரம்: அப்போ ஆட்டோமேட்டிக் வண்டி 1400ல டாப் கியர் போடுதே! அதுவும் தப்பா?

பதில்: நல்ல கேள்வி. அது லேசா மிதிச்சிருக்கிற வரைக்கும்தான். அழுத்தினதும் தானே கியரைக் குறைச்சிடும். கையால கியர் போடுற வண்டில அந்த வேலை உங்களோடது.

எண்ணூர்: எங்க மெக்கானிக் ஒத்துக்கல.

பதில்: வண்டியோட கையேட்டுல, எஞ்சினைத் திணற விடாதீங்கன்னு போட்டிருக்கற பக்கத்தைக் காட்டுங்க.

வியாசர்பாடி: நிறுத்துறதுக்கு முன்னாடி ஐடில்ல விடணுமா?

பதில்: ஊருக்குள்ளே வேண்டாம். கும்மிடிப்பூண்டிலேர்ந்து வேகமா வந்து உடனே நிறுத்துறதா இருந்தா ஒரு நிமிஷம் விடுங்க. இல்லன்னா டர்போ பேரிங்ல தேங்கின ஆயில் கரியாயிடும்.

கொருக்குப்பேட்டை: சப்வே தண்ணில வண்டி நின்னுபோச்சு.

பதில்: ஸ்டார்ட் பண்ணாதீங்க. இழுத்துட்டுப் போங்க.

மணலி: மலிவு ஆயில் ஊத்தலாமா?

பதில்: எண்ணூர்காரருக்குச் சொன்ன பதிலைப் படிங்க. ஏபிஐ எஸ்பி, கையேட்டுல சொன்ன கிரேடு. மணலித் தூசுக்கு ஏர் ஃபில்டரையும் சீக்கிரமே மாத்துங்க.

திருவொற்றியூர்: ரீமேப் பண்ணினா (எஞ்சின் கம்ப்யூட்டரோட புரோகிராமை மாத்தினா) 20 குதிரைத்திறன் கூடுமாமே?

பதில்: கூடும். பிஸ்டனும் கிளட்சும் அதே பழசுதான், வாரண்டியும் போயிடும். பண்ணாதீங்க.

தண்டையார்பேட்டை: எந்த ஆயில் ஊத்துறது?

பதில்: ஏபிஐ எஸ்பி. மேலே ரெண்டு தடவை சொல்லியாச்சு.