காபியை விட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக யூட்டா மாநிலத்துக்குக் குடிவந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்மன்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்தே வாரிப்போட்டுவிடுவார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள். போன வாரம் வீட்டுக்கு அழைத்து ஃபில்டர் காபி கொடுத்தோம். சிரித்தபடியே வேண்டாம் என்றார் அவர். டீயும் கூடாதாம். ஆனால் எப்போது பார்த்தாலும் அவர் கையில் ஒரு பெரிய கோக் இருக்கிறது. காபியில் இருக்கும் கஃபீன் கோக்கில் இல்லையா? இது போலித்தனம்தானே?

நம் முன்னோர்கள் வைத்த உணவு விதிகள் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு. ஏகாதசி விரதத்தைத்தான் ஆராய்ந்து ஒரு ஜப்பானியர் நோபல் பரிசே வாங்கினார். மார்மன்களின் விதிக்கும் அப்படி ஏதாவது மருத்துவக் காரணம் இருக்கிறதா? அடுத்த முறை அவர்கள் வந்தால் என்ன கொடுப்பது என்று என் மனைவி தனியாகக் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் வாசல் பனியை வாரிப்போடுகிற மனிதரைப் போலி என்று எழுத எப்படி மனம் வந்தது? இந்தக் கோபம் முழுக்க உங்களால் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகவே எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ வகைச் செய்திகள் காலை வணக்கத்தோடு சேர்ந்து வந்து விழுகின்றன. உங்கள் கடிதம் அந்தச் சமயம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டது.

கோக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எதையும் மீறவில்லை. 1833 பிப்ரவரி 27 அன்று ஓஹையோவின் கர்ட்லண்ட் ஊரில் மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அறிவித்த ‘ஞான வார்த்தை’யில் விலக்கச் சொன்னவை மது, புகையிலை, ‘சூடான பானங்கள்’. கஃபீன் பற்றி ஒரு எழுத்துகூடக் கிடையாது. சூடான பானம் என்றால் காபியும் டீயும் என்று அவருடைய அண்ணன் ஹைரம் 1842-இல் விளக்கம் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது. கோகோ கோலா வந்ததே 1886-இல்தான். அது கூடுமா கூடாதா என்று மார்மன்களே நெடுங்காலம் குழம்பினார்கள், பல வீடுகளில் அதையும் விலக்கினார்கள். கஃபீன் தடைசெய்யப்படவில்லை என்று சபை 2012-இல் தெளிவாகச் சொன்னது. அப்படியும் அவர்களுடைய பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கஃபீன் கலந்த சோடா விற்பனைக்கு வர 2017 ஆகிவிட்டது. ஐஸ் காபியும் கிரீன் டீயும் கூடாது என்று 2019-இல் இளைஞர்களுக்கான அவர்களுடைய பத்திரிகை எழுதியது. ஆக, ஐஸ் போட்டாலும் காபி விலக்குதான். கொதிக்கக் கொதிக்க ஹாட் சாக்லேட் குடிக்கலாம். கோக்கில் தேங்காய் சிரப்பும் கிரீமும் ஊற்றித் தரும் ‘டர்ட்டி சோடா’ கடைகளை உங்கள் ஊரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே பல் கூசுகிறது.

இதில் மருத்துவக் காரணத்தைத் தேடினால் சிக்காது. அந்தக் காலத்துச் சூழ்நிலையைத் தேடினால் தாராளமாகச் சிக்கும். கர்ட்லண்டில் ஒரு கடையின் மாடியறையில் ஸ்மித் தன் சீடர்களுக்குப் பாடம் நடத்திவந்தார். வந்தவர்கள் பைப்பைப் பற்றவைத்துப் புகைவிட்டார்கள், புகையிலையை மென்று தரையெல்லாம் துப்பினார்கள். மறுநாள் துடைத்தவர் ஸ்மித்தின் மனைவி எம்மா. அவர் அலுத்துக்கொண்டதும் தீர்க்கதரிசி யோசிக்க ஆரம்பித்தார் என்று, ஸ்மித்துக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகம் யங் பல வருடங்கள் கழித்துச் சொன்னார். (உலகத்தில் எத்தனை ஆசாரங்களுக்குப் பின்னால் இப்படித் தரை துடைத்துக் களைத்த ஒரு பெண் இருக்கிறாளோ, யார் கண்டது.) அதே சமயத்தில் அமெரிக்கா முழுக்க மதுவிலக்குச் சங்கங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. உடம்பைக் கிளர்ச்சியூட்டுகிற எதுவும் ஆகாது என்று சில்வெஸ்டர் கிரகாம் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். மது, புகையிலை, காபி, டீ, மசாலா எல்லாம் அவர்கள் பட்டியலில் இருந்தன.

இதைவிடச் சுவாரசியம் அதற்குப் பிறகு நடந்தது. ‘கட்டளையாகவோ கட்டாயமாகவோ அல்ல’ என்றுதான் ஞான வார்த்தை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஜனங்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1840-களில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ ஊரிலிருந்து மேற்கே புறப்பட்ட மார்மன்களுக்குக் கொடுத்த மூட்டை முடிச்சுப் பட்டியலில் காபியும் டீயும் இருந்தன. யூட்டாவின் தென்கோடியில் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்யச் சொல்லி பிரிகம் யங்கே குடும்பங்களை அனுப்பினார். இது கறாரான விதியானது 1921-இல், ஹீபர் ஜே. கிராண்ட் தலைவராக இருந்தபோது. அதன்பின் இவற்றை விட்டவர்களுக்குத்தான் ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு.

ஏன் 1921? அதற்கு முன் 1890-க்குப் போக வேண்டும். மத்திய அரசின் நெருக்கடி தாங்காமல் அந்த வருடம்தான் பலதார மணத்தைக் கைவிடுவதாகச் சபை அறிவித்தது. அதுவரை அவர்களை மற்ற அமெரிக்கர்களிடமிருந்து பிரித்துக்காட்டியது அந்த வழக்கம். அது போனபின் நாம் யார் என்ற கேள்வி மிச்சமிருந்தது. அந்த இடத்துக்கு ஞான வார்த்தை வந்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது. இன்னொரு சான்றும் உண்டு. அதே ஞான வார்த்தை, இறைச்சியைக் குறைவாக உண்ணுங்கள், குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் உண்டால் இறைவனுக்கு உவப்பு என்றும் சொல்கிறது. உங்கள் பக்கத்து வீட்டில் ஜூலை மாதம் மாட்டிறைச்சி வாட்டும் மணம் வரும், பாருங்கள். அனுமதிச் சீட்டுக்கான நேர்காணலில் காபி குடித்தாயா என்பது பெரிய விஷயம். இறைச்சியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆரோக்கியம்தான் நோக்கமென்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டாமா?

இப்போது ஏகாதசிக்கு வருகிறேன். யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் வாங்கினார், உண்மை. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட். பட்டினி போடப்பட்ட ஈஸ்ட் செல் தன் பாகங்களைத் தானே எப்படித் தின்று மறுசுழற்சி செய்கிறது, அதற்கு எந்த மரபணுக்கள் வேண்டும் என்று பார்த்தார். அந்த ஈஸ்ட்டுக்குப் பெருமாளையும் தெரியாது, துவாதசிப் பாரணையையும் தெரியாது. ஆழ்ந்த பக்தியோடு ஏகாதசி இருக்கிற ஒருவரிடம் போய், இது நல்ல விஷயம், ஈஸ்ட்டில் நிரூபித்திருக்கிறார்கள் என்று சொல்வதை நீங்கள் மரியாதை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அவமரியாதையாகத் தெரிகிறது.

மார்மன்களிலும் உங்களைப் போன்றவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல், 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றது. பார்த்தீர்களா, ‘சூடான பானம்’ என்று தீர்க்கதரிசி அன்றே சொல்லிவிட்டார் என்று இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே அறிக்கைதான் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது! அறிவியலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது முழு வாக்குமூலத்தையும் கொடுக்கும். புகையிலையை விட்டதால் யூட்டாவுக்கு நன்மைதான். அமெரிக்காவிலேயே நுரையீரல் புற்றுநோய் மிகக் குறைவாக உள்ள மாநிலம் அது. காபியை விட்டதால் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே சிரத்தையோடுதானே விட்டிருக்கிறார்கள்? ஆரோக்கியம் கிடைக்கும், ஓடினாலும் களைக்க மாட்டீர்கள் என்று ஞான வார்த்தையே வாக்களிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்குறுதி யாருக்கு? கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து இவற்றைக் கடைப்பிடிப்பவர்களுக்கு. பலன் கீழ்ப்படிதலுக்கு வருகிறது. காபிக்கொட்டையின் ரசாயனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் பெரிய அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. காசிக்குப் போனால் பிடித்தது ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வரும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாமா சாமர்த்தியசாலி. பாகற்காயையும், எப்படியும் ஜீரணமாகாத பலாப்பழத்தையும் விட்டார். அத்தை காபியை விட்டார். விடியற்காலையில் எழுந்ததும் முதல் டிகாக்‌ஷன் உள்ளே போகாமல் யாருக்கும் பதில் சொல்லாத மனுஷி. திரும்பி வந்த முதல் சில நாட்கள் தலைவலி தாங்காமல் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். அப்போதும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது அவர்தான். சர்க்கரை சரியா என்று பார்க்க மட்டும் எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்.

டாக்டருக்குப் படித்த அவர் மகன் ஊரிலிருந்து வந்தபோது, “நல்ல காரியம் பண்ணினீங்கம்மா, உங்க பிரஷருக்கு ரொம்ப நல்லது” என்றான். அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “பிரஷருக்காக விட்டிருந்தா பிரஷர் எறங்குனதும் குடிச்சிருக்க மாட்டேனா? அவருக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்டா. குடுத்ததுல லாபக் கணக்குப் பாக்குறியே!” என்றார். அன்று அவன் அம்மா கையால் காபி கேட்கவே பயந்தான்.

அத்தையின் காபியில் மருத்துவம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு அது சின்னதாகியிருக்கும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் அலுவலகத்தில் எல்லோரும் காபி எந்திரத்துக்கு முன்னால் நின்று பேசும்போது தினமும் வேண்டாம் என்று சொல்கிறார். ஒவ்வொரு முறையும் தான் யார் என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொள்கிறார். அதில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாத பெற்றோர், ஆலயத்துக்குள் நடக்கும் சொந்த மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு கோப்பை காபிக்கு அவ்வளவு விலை வைப்பது கொடுமை என்றே நினைக்கிறேன். பிடிக்காத விதியைக் கொடுமை என்று நேராகச் சொல்லலாம், பிடித்த விதியை அழகு என்று சொல்லலாம். இரண்டுக்கும் துணிவில்லாமல் நடுவில் பரிசோதனைக் கூடத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வெங்காயம், பூண்டு பற்றியெல்லாம் தனியாகப் பேச வேண்டாம், இதே பதில்தான். பன்றி இறைச்சிக்கு மருத்துவக் காரணம் தேடியவர்களில் 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் உண்டு. அவரே மருத்துவர். ஆனால் பன்றியைத் தடுக்கும் அதே யூத வேதம் ஒட்டகத்தையும் முயலையும் இறாலையும்கூடத் தடுக்கிறதே, எல்லாவற்றுக்கும் தனித்தனி நோய் கண்டுபிடிக்க முடியுமா? ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவெல்லாம் விழித்திருந்து இறைவனை நினைக்கக் காபி குடித்தார்கள். ஜென் துறவிகள் தியானத்தில் தூங்காமலிருக்கத் தேநீர் குடித்தார்கள். அந்தக் காபியைத்தான் 1511-இல் மெக்காவின் அதிகாரி ஒருவர் தடைசெய்தார். ஓரிடத்தில் பிரார்த்தனைக்குத் துணை, ஓரிடத்தில் விலக்கு. காபிக்கொட்டை என்னவோ ஒன்றேதான்.

உங்கள் மனைவியின் கேள்வி உங்களுடையதைவிட நல்ல கேள்வி. மூலிகைப் பானங்கள் பொதுவாக அவர்களுக்குத் தடையில்லை. குளிருக்குச் சுக்கும் மல்லியும் பனங்கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், காபித்தூள் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். நாம் அதைச் சுக்குக் காபி என்று சொல்வதால் அவர் திடுக்கிடக்கூடும், ஆகவே என்னென்ன போட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும் தப்பில்லை, ஹைரம் சொன்ன பட்டியலில் அது வரவில்லை. கோக் வாங்கி வைக்க வேண்டாம், அது அவர் கையிலேயே இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருந்துக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். பொதுவாக அன்று அவர்களுக்கு உபவாசம், இரண்டு வேளை சாப்பிட மாட்டார்கள்.

அன்புடன்.