"பிதா என்றாலே நடுக்கமாக இருக்கிறது"

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் சகோதரிகள், "இது தலைமுறை சாபம். பிதா மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பார். மறைத்த பாவத்தை அறிக்கை செய்தால்தான் விடுதலை" என்கிறார்கள். என்னால் இயேசுவிடம் பேச முடிகிறது. பிதா என்றாலே நடுக்கம், சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவும்போது வருமே, அதே நடுக்கம். கோயிலில் எல்லாரும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். பழைய ஏற்பாட்டு தேவனும் இயேசு சொன்ன பிதாவும் ஒருவர்தானா? இயேசுவிடம் மட்டும் ஜெபிப்பது தப்பா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் இரண்டு முறையும் சாபத்தைப் பற்றித்தான் யோசித்தேன். மூன்றாம் முறைதான் அந்த பெல்ட் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் கணவரைப் பற்றி.

எங்கள் வீட்டில் தம்பி காய்ச்சலில் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. துக்கம் கேட்க வந்த ஒருவர், அடக்கம் முடிந்த மறுநாளே, "காரணம் இல்லாமல் கர்த்தர் எடுக்கமாட்டார், யோசித்துப் பாருங்கள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா யோசித்தாள். வருஷக்கணக்காக யோசித்தாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்றுவிடும், "அந்த வருஷம் காணிக்கை கொடுக்காமல் விட்டேனே, அதுவாக இருக்குமோ?" என்பாள். அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் அம்மாவின் மீது அவர் வைத்துவிட்டுப் போன பாரத்தை இறக்க யாராலும் முடியவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவது அதனால்தான்.

இயேசுவின் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள், யோவான் 9-ம் அதிகாரம். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்பதுதான் பதில். இதற்கு மேல் எப்படித் தெளிவாகச் சொல்வது? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்றார்.

சரி, "மூன்றாம் நான்காம் தலைமுறை" என்று வேதத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, யாத்திராகமம் 20-ல். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். தண்டனைக்கு மூன்று நான்கு தலைமுறை, இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறை. எந்தப் பக்கம் அவருடைய மனம் சாய்கிறது என்பதைக் காட்டத்தான் அந்தக் கணக்கு. அப்புறம் எசேக்கியேல் 18 இருக்கிறது. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஜனங்கள் பழமொழி சொல்லிக்கொண்டு திரிந்தபோது, இனிமேல் இந்தப் பழமொழியே சொல்லக்கூடாது, தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று கர்த்தரே அதை நிறுத்துகிறார். இது பழைய ஏற்பாடு, நீங்கள் பயப்படுகிற அதே பழைய ஏற்பாடு.

இரண்டு தேவனோ என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. கருங்கடல் கரையிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியோன் என்ற கப்பல் முதலாளி, பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தார். பழைய ஏற்பாட்டை அப்படியே தள்ளிவிட்டு, வெட்டிச் சுருக்கிய லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். கி.பி. 144-ல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது, அவர் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கையையும் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய தொகையை விட்டுக்கொடுத்தாவது சபை இதில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இயேசு தன் பிதா என்று கூப்பிட்டது ஆபிரகாமின் தேவனைத்தான். அவரை எடுத்துவிட்டால் இயேசு யாருடைய குமாரன்?

பொன் கன்றுக்குட்டி செய்து ஜனங்கள் துரோகம் பண்ணின கையோடு, மலையில் மோசேக்கு அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." தீர்க்கதரிசி யோனா கோபித்துக்கொள்வது எதற்கு? நினிவே நகரத்தைக் கர்த்தர் அழிக்காமல் விட்டதற்கு. நீர் இப்படி இரக்கப்படுவீர் என்று தெரிந்துதானே நான் ஓடிப்போனேன் என்கிறான்! ஓசியாவில் அவர் ஒரு பெற்றவர் மாதிரியே புலம்புகிறார்: "என் இருதயம் எனக்குள் குழம்புகிறது."

கோபம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது உண்மையாக இருக்காது. ஒரு நகரமே வெட்டுண்டு அழிகிற, எரிகோ விழுகிற அதிகாரத்தை இன்றைக்கும் என்னால் சுலபமாக வாசிக்க முடிவதில்லை. ஆனால் தீர்க்கதரிசிகளில் அந்தக் கோபம் யார்மீது பாய்கிறது என்று பாருங்கள். ஆமோஸில் மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசில் நிறுத்து, ஒரு ஜோடு பாதரட்சைக்கு ஏழையை வாங்குகிறவன்மேல். ஏசாயாவில் விதவையின் வழக்கைக் கவனிக்காத பிரபுக்கள்மேல். ஏழையை ஏமாற்றுகிறவனைப் பார்த்துக் கோபம் வராத அன்பு என்ன அன்பு? படுக்கையில் கிடக்கும் கணவனை ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து திருப்பிப் படுக்கவைக்கிற ஒரு பெண்மீது அந்தக் கோபம் பாய்வதாக நான் எங்கேயும் வாசித்ததில்லை.

இப்போது அந்த பெல்ட். கோபக்காரப் பிதா ஒரு பக்கம், நடுவில் வந்து நம்மைக் காப்பாற்றும் குமாரன் ஒரு பக்கம் என்று ஒரு படம் உங்கள் மனதில் விழுந்திருக்கிறது. அடிக்கிற அப்பாவுக்குக் குறுக்கே வந்து நிற்கும் அம்மா மாதிரி. நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் வளர்ந்தோம், அந்தப் படத்தை அப்படியே பரலோகத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டோம். ஆனால் குமாரனை அனுப்பினதே பிதாதானே? யோவான் 3:16-ல் இவ்வளவாய் அன்புகூர்ந்தவர் யார்? பிலிப்பு, பிதாவைக் காட்டும், அது போதும் என்று கேட்டபோது இயேசு சொன்னது, "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்." குஷ்டரோகியைத் தொட்ட அந்தக் கைக்குப் பின்னால் வேறு முகமுள்ள ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. நீங்கள் இயேசுவில் எதைப் பார்த்து நம்பினீர்களோ அதுதான் பிதா.

இயேசுவிடம் மட்டும் ஜெபிப்பது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. கல்லெறியப்படும்போது ஸ்தேவான் இயேசுவைத்தான் கூப்பிட்டான். அவரிடம் பேசுகிறதைப் பிதா கேட்காமல் இருப்பதில்லை. முதல் வரி இப்போது வரவில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம், மற்றவர்கள் சொல்லட்டும், நீங்கள் அவர்களோடு நில்லுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டார். அது அவர் பேசிய அரமேய மொழிச் சொல், நம் வீட்டுச் சொல்லாகவும் கிட்டத்தட்ட அதே ஓசையில் இருக்கிறது. பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று அன்றைக்கு அவர் கேட்டது கிடைக்கவில்லை, அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காத ராத்திரியில் அவருக்கு வாயில் வந்த சொல் அது. உங்கள் அப்பாவின் முகம் அந்தச் சொல்லிலிருந்து விலக நாளாகலாம். ஆகட்டும்.

பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள், யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாபக் கட்டை முறிக்கக் காணிக்கை என்று யாராவது கேட்டால் கொடுக்கவேண்டாம். வியாழக்கிழமை அந்தச் சகோதரிகள் வரும்போது, கோபப்படாமல், யோவான் 9-ம் அதிகாரத்தை உங்கள் கணவர் படுக்கையருகே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பேச்சுதான் குழறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆறு மாதமாகத் தன்னைப் பற்றி அவர்கள் சொன்னதையெல்லாம் அவரும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.